தலையணை மட்டும் கிடைக்காது

மெத்தைக்கடையில் கல்லாவுக்கு நேர் மேலே ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது: ‘தலையணை மட்டும் கிடைக்காது!’ சிவப்பு எழுத்து, கடைசியில் பெரிய ஆச்சரியக்குறி. அந்த ஆச்சரியக்குறியைக் கடைக்காரர் பெயின்டரிடம் பேசிப் பேசி இனாமாகவே போட்டு வாங்கினார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஆளைத் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

மெத்தை வாங்கினால் தலையணை இலவசம். கடை வழக்கம் அது. ஆனால் இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் மனிதர்களுக்கு மறந்துபோகும். “மெத்தை அப்புறமா வந்து பாக்குறோம், இப்போதைக்கு அந்தத் தலையணை...” என்று இழுத்துக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். அப்படி ஓர் ஆள் வந்துவிட்டால் கடைக்காரருக்கு ஏக குஷி. எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்.

“தலையணை நல்ல தலையணைதான் சார். நானே வீட்டுல அதுலதான் படுக்குறேன். ஆனா அது மெத்தையோட கூட வர்றது. கூட வர்றதை மட்டும் பிச்சுக் குடுன்னா எப்படி? டெய்லர்கிட்ட போயி, சட்டை வேண்டாம், பட்டன் மட்டும் தெச்சுக் குடுன்னு கேப்பீங்களா? எதுல சார் தெப்பான்? உங்க தோல்லயா?”

கேட்டவர் சிரிப்பார். சுற்றி நிற்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வெட்கத்திலேயே பாதிப் பேர் மெத்தையை வாங்கிக்கொண்டு போவார்கள். வந்தவனின் வாயிலிருந்தே சரக்கை எடுத்து அவனுக்கே விற்பது என்பார்களே, அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் ஒரு வலி வந்தது.

நார் மெத்தை ஒன்றைப் பரண்மேல் ஏற்றும்போது முதலில் வந்தது. சும்மா விலை கேட்டுவிட்டுப் போகிற ஆள் மாதிரி வந்தது. இப்படிப்பட்டவர்களைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் தானாகப் போய்விடுவார்கள் என்பது அவர் அனுபவம். இதுவும் போயிற்று. இன்னொரு நாள் திரும்பி வந்தது. இந்தத் தடவை வாசலோடு நிற்காமல், இடது தோள்வரை உள்ளே வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போனது. ஓரம் கிழிந்த சரக்கை அடுக்கின் அடியில் தள்ளிவிட்டு மேலே நல்லதாக நாலு போடுவதுபோல், வலியை அடியில் தள்ளிவிட்டு அவர் வழக்கத்தைவிட அதிகமாக ஜோக் அடிக்க ஆரம்பித்தார்.

டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் டாக்டர்களுக்கு வியாபாரம் தெரியாது என்பது அவர் கட்சி. ஒரு விலை சொல்வார்கள். பாதிக்குக் கேட்டால் முறைப்பார்கள். கோபித்துக்கொண்டு வாசல்வரை நடந்து பார்த்தால், கூப்பிட ஒரு நாதி கிடையாது. தவிரவும், பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரரின் கதி கண்முன்னால் இருந்தது. மனிதர் சும்மா ஒரு செக்கப் என்று போனார். உப்பு, சர்க்கரை, எண்ணெய், சிகரெட், கோபம் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். இப்போது தன் கடைக் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்னையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும் காரணங்கள். உள்ளே இருந்த காரணம் ரொம்பச் சின்னது. பயம். அதுவும் அடுக்கின் அடியில்தான் கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சான் ரெய்கியோடு வந்து சேர்ந்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வருஷத்துக்கு ஒரு தொழில் தொடங்கி, அடுத்த வருஷத்துக்கு அதைக் கொண்டுபோகாத நல்ல பழக்கம் உள்ளவன். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றான். இன்ஷூரன்ஸ் பிடித்தான். காளான் வளர்த்தான், தட்டில் வளரவேண்டியது தட்டை விட்டுவிட்டு வாடகை வீட்டின் சுவரில் வளர்ந்தது. இப்போது ஒரு சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்விட்டு, தங்கநிற ஓரம் போட்ட சான்றிதழோடு வந்து நின்றான்.

“இது என்னடா புதுசா?” என்றார் கடைக்காரர்.

“ரெய்கி மாமா. ஜப்பான்ல ஆரம்பிச்சது. பிரபஞ்சத்துல ஒரு சக்தி இருக்கு. அது நம்ம உள்ளங்கை வழியா நோயாளிக்குப் போகுது.”

“உன் சக்தியா?”

“என்னுது இல்ல மாமா. நான் வெறும் குழாய்.”

“குழாய்னு ஏன்டா உன்னை நீயே தாழ்த்திக்கிற? கமிஷன் ஏஜெண்டுன்னு சொல்லு.”

மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கோபம் வராது. அவன் எந்தத் தொழிலிலும் தேறாததற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரர் கணக்குப்போடுகிறவர் போல் கண்ணை மூடிக்கொண்டார்.

“சரக்கு பிரபஞ்சத்துல இருக்கு. அப்போ குடோன் வாடகை கிடையாது. தீர்ந்துபோகாது. நனையாது. எலி கடிக்காது. பிடிக்கலைன்னு எவனும் திருப்பிக் கொண்டுவந்து போடவும் முடியாது.” கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். “இப்படி ஒரு வியாபாரம் இருக்குன்னு இத்தனை வருஷமா என்கிட்ட ஒருத்தனும் சொல்லலையே! நான் பஞ்சைக் கட்டிக்கிட்டு அழுறேன்.”

கடையில் பில் போடுவது அவர் மனைவி. கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “அவனுக்குப் பின்னாடி ஒரு இடம் குடுங்களேன்” என்றாள்.

கொடுத்தார். தம்பியென்ற பாசத்துக்காக அவள் கேட்டாள். அவர் கொடுத்தது அதற்காக அல்ல. மெத்தை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதுகு வலி, மீதிப் பேருக்குக் கழுத்து வலி. கடையின் கோடியில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, இருப்பதிலேயே விலை கூடிய ஸ்பிரிங் மெத்தையைப் போட்டு, மச்சானைப் பக்கத்தில் நிற்கவைத்தார். வலிக்காரர் படுப்பார். மச்சான் கையை வைப்பான். எழுந்திருக்கும்போது உடம்பு லேசாக இருக்கும். லேசானது ரெய்கியாலா மெத்தையாலா என்று யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும், கொண்டுபோக முடிந்தது மெத்தை ஒன்றுதான்.

முதலில் மாட்டியது ஒரு ரிட்டயர்டு டீச்சர். முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தவர், படுத்து, மச்சான் கை தலைமேல் வந்த கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார். எழுந்து, “என் வகுப்புப் பிள்ளைங்க தூங்கினப்ப நான் எவ்வளவு அடிச்சிருக்கேன், பாவம்” என்றார். முதுகு பூமாதிரி இருக்கிறதாம். மெத்தைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

“பாத்தீங்களா மாமா, என் கை!”

“பாத்தேன் மச்சான், என் ஸ்பிரிங்!”

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு தொந்தரவு. ஒவ்வோர் ஆளையும் படுக்கவைக்கும் முன் மச்சான் ஒரு வாக்கியம் சொன்னான். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல், கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: “இது வைத்தியத்துக்குத் துணை, வைத்தியத்துக்குப் பதில் இல்ல. டாக்டர் குடுத்த மருந்தை நிறுத்தாதீங்க. டாக்டரைப் பாக்கலைன்னா முதல்ல போய்ப் பாருங்க.”

கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

“ஏன்டா, வந்தவனை நீயே வேற கடைக்கு அனுப்புற? தூக்கம் வரும்னு கேரண்டி இல்லைன்னு சொல்லிக்கிட்டா நான் மெத்தை விக்குறேன்?”

“சொல்லணும் மாமா. வகுப்புல சொல்லிக்குடுத்த அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க.”

“சரி, சொல்லு. கடைசியில சொல்லு. வேகமா சொல்லு. விளம்பரத்துல சொல்ற மாதிரி.”

“இல்ல மாமா. முதல்லதான் சொல்லணும். மெதுவாத்தான் சொல்லணும்.”

வாழ்நாளில் எதற்கும் ‘இல்லை’ சொல்லிப் பழகாதவன் இதற்குச் சொன்னான். திரையை இழுத்து மூடிவிட்டு முன்பக்கம் வந்து, யாருக்கோ ஒரு தலையணையை மறுத்த பிறகுதான் கடைக்காரருக்கு மனம் ஆறியது.

இதற்கிடையில் அடுக்கின் அடியில் கிடந்தது நெளிய ஆரம்பித்திருந்தது. பரண் ஏறினால் மட்டும் வந்தது, இப்போது குடோன் படியேறினாலே வந்தது. ஒரு மதியம், மனைவி சாப்பிட வீட்டுக்குப் போனதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் திரைக்குப் பின்னால் போனார்.

“மச்சான், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். உன் சரக்கு என்ன ரேட்?”

“உங்களுக்கு என்ன மாமா ரேட்டு? படுங்க. தலையில ஆரம்பிச்சு, கண்ணு, தொண்டை, நெஞ்சு, வயிறு, முட்டி, பாதம்னு வரிசையா வரும். ஒரு மணி நேரம்.”

“முழுக் கட்டா எடுக்கணுமா என்ன? எனக்குத் தலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கால் வேண்டாம். நெஞ்சு மட்டும் வெட்டிக் குடு.”

“அப்படித் தனியா...”

“தொண்டையைக் கழிச்சுக்கோ, வயித்தைக் கழிச்சுக்கோ. அந்த நேரத்தையெல்லாம் நெஞ்சுல போடு. சில்லறையில வாங்கினாலும் மொத்த விலைதான் நமக்கு.”

உலகத்தில் ரெய்கியை முழம் போட்டு வாங்கிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். மச்சான் அவரையே பார்த்தான்.

“ஏன் மாமா நெஞ்சு மட்டும்?”

“வாயு.”

“டாக்டரைப் பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன். நேத்துகூட ஸ்கூட்டர்ல போனாரு.”

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு வாக்கியத்தை ஆரம்பித்தான். “இது வைத்தியத்துக்குத் துணை...”

“அது கஸ்டமருக்குடா. நான் முதலாளி. கையை வை.”

மச்சான் வைத்தான். கை சூடாக இருந்தது. திரைக்கு அப்பால் மின்விசிறி மெல்லச் சுற்றியது. தெருவின் இரைச்சல் எங்கேயோ போயிற்று. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் எதுவும் விற்கவேண்டியதில்லை. கடை திறந்த நாளிலிருந்து அவர் தன் கடை மெத்தையில் ஒரு முறைகூடப் படுத்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வலி போய்விட்டது.

படியேறினால் வரும் வலி படுத்தால் போகத்தானே செய்யும்? இந்தச் சரக்கை வேறொரு சப்ளையர் கொண்டுவந்திருந்தால், அந்த ஓட்டையை அவர் ஒரே நிமிஷத்தில் பிடித்து விலையைப் பாதியாக்கியிருப்பார். விற்றது சொந்த மச்சான், வாங்கியது சொந்தப் பயம். ஓட்டையைப் பார்க்கக் கண் எங்கே வரும்?

“இதை உன் அக்காகிட்ட சொன்னே, திரையைக் கழட்டிடுவேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எழுந்தார்.

அதிலிருந்து தினமும் மதியம் ஷட்டர் பாதி இறங்கியது. வலி கூடக் கூட அவர் ஆர்டரைக் கூட்டினார். “இன்னைக்கு டபுளாப் போடு.” “தோளையும் சேத்துக்கோ, அது நெஞ்சோட கிளைதானே.” “தாடை வரைக்கும் கொஞ்சம் இழுத்து விடு, கொசுறா.” மச்சான் ஒவ்வொரு தடவையும் வாக்கியத்தைச் சொன்னான், அவரும் ஒவ்வொரு தடவையும் அதை வெட்டினார்.

“மாமா, உங்களுக்கு வேர்க்குது.”

“உன் சூடுடா. நல்ல சரக்கு.”

“ஃபேன் ஓடுது மாமா.”

“அப்ப ரொம்ப நல்ல சரக்கு.”

அவர் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. தலையணை உறை. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய மனைவி நேரே திரைக்குப் பின்னால் போனாள். ஈர உறையை உருவிக்கொண்டு வந்தாள். முகர்ந்து பார்த்தாள். அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை அவளுக்குத் தெரியாததா? அவள் அவரைப் பார்த்தாள். அவர் பில் புத்தகத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். வேறு உறை மாட்டினாள், உட்கார்ந்தாள், கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

அன்று வீட்டில், “உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

“எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்.”

“சரி” என்றாள்.

சண்டை இல்லை, அழுகை இல்லை. அவருக்கு நிம்மதி. பேரத்தில் எதிராளி இரண்டாவது தடவை கேட்காமல் ‘சரி’ என்றால்தான் பயப்படவேண்டும் என்பதை அவர் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எதிராளி சொந்த மனைவி என்பதால் மறந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை கடையில் நல்ல கூட்டம். புதுக்குடித்தனம் போகிற ஒரு தம்பதி, ஹாஸ்டல் நடத்துகிற ஓர் அம்மாள், முன்பு வந்த டீச்சர், டீச்சர் அழைத்து வந்த இன்னொரு முதுகு வலி. நடுவில் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே வந்தார். உப்பில்லாத முகம்.

“ஒரு தலையணை வேணும்ப்பா” என்றார்.

“மெத்தை எந்த சைஸ்?”

“மெத்தை வேண்டாம். தலையணை மட்டும்.”

கடைக்காரர் தன் காதையே நம்பவில்லை. பல வருஷமாகப் பலகையைத் தினம் பார்க்கிற மனிதர்! பக்கத்துக் கடைக்காரரே வந்து கழுத்தை நீட்டினால் விடுவாரா? எழுந்தார். சட்டைக் கை மேலே ஏறியது.

“தலையணை நல்ல தலையணைதான்ணே. ஆனா அது மெத்தையோட கூட வர்றது. கூட வர்றதை மட்டும் பிச்சுக் குடுன்னா எப்படி? உங்க கடைக்கு வந்து, கண்ணாடி வேண்டாம், பிரேம் மட்டும் மாட்டி விடுங்க, அதுல முகம் பாத்துக்குறேன்னு நான் சொன்னா சிரிப்பீங்களா மாட்டீங்களா?”

தம்பதி சிரித்தார்கள். டீச்சர் கைதட்டினார். கடைக்காரர் குரலை இன்னும் உயர்த்தினார்.

“மெத்தைதான்ணே முதுகைத் தாங்கும். தலையணை சும்மா சுகம். சுகம் வேண்டாங்கலை. ஆனா அதை வெறுந்தரையில போட்டுப் படுத்துட்டு, முதுகு போச்சேன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது. யாரா இருந்தாலும் இந்தக் கடையில இதுதான் சட்டம். என் அப்பனே வந்து கேட்டாலும் தலையணை மட்டும் கிடைக்காது!”

“நல்லாச் சொன்னே” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “ஆனா தலையணை எனக்கில்ல. இன்னொருத்தருக்கு.” சொல்லிவிட்டுப் பில் போடும் மேஜையைப் பார்த்தார்.

மனைவி எழுந்து நின்றாள்.

“என் வீட்டுக்காரருக்குங்க” என்றாள், கூட்டத்தைப் பார்த்து. “ரொம்ப நாளா இந்தக் கடைக்கு வந்து தலையணை மட்டும் வாங்கிட்டுப் போறாரு. தினம் மதியம். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு.”

கடைக்காரரின் மடித்துவிட்ட கை அப்படியே நின்றது. திரை விலகியது. மச்சான் வெளியே வந்தான். இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தான்.

“டேய், சத்தியம் பண்ணினியே!”

“அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை மாமா. உறை சொல்லிடுச்சு. மாமா, இனிமே கை தனியா கிடைக்காது. முதல்ல டாக்டர். கூட வேணும்னா நான்.”

“இது என்ன ரெண்டு பேரும் சேர்ந்து... இந்தாம்மா, கஸ்டமர் முன்னாடி என்ன பேச்சு இது?”

“கஸ்டமர் முன்னாடி சொன்னாத்தான் நீங்க கேப்பீங்க. வாசல்ல வண்டி நிக்குது. ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சாச்சு.”

அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். பேரம்.

“சரி, சீசன் முடியட்டும், போறேன்.”

“இல்லைங்க.”

“திங்கக்கிழமை.”

“இல்ல.”

“ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்குறேன். பாதிப் பாதி. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். எழுந்து போவதுபோல் பாசாங்கு செய்கிற வாடிக்கையாளரை அவர் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பாசாங்குக்காரர்களின் காது பின்பக்கமாகத் திரும்பியிருக்கும், கூப்பிடுவார்களா என்று. இவள் காது நேராக இருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல! பாருங்க, எல்லாரும் பாருங்க!”

தம்பதி பார்த்துவைத்திருந்த மெத்தையை அவர் தானே தூக்கினார். அடுக்கிலிருந்து உருவி, தோளில் சாய்த்து, கொஞ்ச தூரம் நடந்தார். சிரித்துக்கூடக் காட்டினார். அப்புறம் அடுக்கின் அடியில் இவ்வளவு நாள் மிதிபட்டுக் கிடந்தது மொத்தமாக எழுந்து அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது.

மெத்தை சரிந்தது. அவரும் அதன்மேல் பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்தார். முகம் சாம்பல் பூத்தது. இடது கை இருக்கிறதா என்று தெரியவில்லை. யாரோ விசிறினார்கள், யாரோ தண்ணீர் என்றார்கள். அவர் கண் மச்சானைத் தேடியது.

“கை வைடா” என்றார். கெஞ்சல். அந்தக் கடையில் அந்தக் குரலை அவர் நிறையக் கேட்டிருக்கிறார், எதிர்ப்பக்கத்திலிருந்து.

மச்சான் பக்கத்தில் மண்டியிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. கைகள் பாக்கெட்டுக்குள் முஷ்டியாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தன. எடுக்கவில்லை.

“மெத்தை வாங்குங்க மாமா.”

“டேய்...”

“மெத்தை வாங்குங்க. என்கிட்ட இருக்கிறது தலையணைதான் மாமா. அது தாங்காது.”

கடைக்காரர் அவனைப் பார்த்தார். காளானைச் சுவரில் வளர்த்த பயல். விலை இறக்கச் சொன்னால் அழுதுகொண்டே இறக்குகிற பயல். இன்று அழுகிறான், இறக்கவில்லை. அவருக்கு மேலே சிவப்பு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஆச்சரியக்குறி மட்டும் பளிச்சென்று இருந்தது. இனாமாக வந்தது.

வாசலில் நின்ற மனைவி பக்கம் தலையைத் திருப்பினார்.

“சரி” என்றார். “பில் போடு.”

வண்டியில் ஏற்றியது கண்ணாடிக்கடைக்காரரும் மச்சானும். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். மெஷின் காகிதத்தைத் துப்பியது. அதைப் பார்த்ததும் எல்லோரும் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் வயதான பெண் டாக்டர் ஒருவர் வந்தார். தூங்கி நாளாகியிருக்கும் முகம். ‘நல்ல மெத்தையாக ஒன்று எடுத்துக்காட்டலாம்’ என்று அந்த நிலைமையிலும் கடைக்காரருக்குத் தோன்றியது.

“ரத்தக்குழாய் ஒண்ணு கிட்டத்தட்ட அடைச்சிருக்கு. உள்ளே போய்த் திறந்து ஸ்டென்ட் வைக்கணும். இப்பவே. எவ்வளவு நாளா வலி?”

“இப்பத்தான்...”

“நிறைய நாளா” என்றாள் மனைவி.

“என்ன மருந்து எடுத்துக்கிட்டீங்க?”

மச்சான் ஓர் அடி முன்னால் வந்தான். கை இன்னும் பாக்கெட்டுக்குள்தான். “நான் கை வெச்சேன் டாக்டர். ரெய்கி. டாக்டரைப் பாக்கச் சொல்லிட்டுத்தான் வெச்சேன். ஆனா வெச்சேன்.”

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “சொல்லிட்டு வெச்சதை, சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம் தம்பி.”

“இன்னைக்கு நிறுத்திட்டேன் டாக்டர்.”

“நல்ல நேரத்துல நிறுத்தினே.” காகிதத்தை மடித்துக்கொண்டார். “கை வைக்கிறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நாங்களும் இப்ப கைதான் வைக்கப்போறோம். கொஞ்சம் உள்ளே.”

“டாக்டர்,” என்றார் கடைக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்த ஸ்டென்ட்டுல... கடைசி விலை என்ன?”

“கையெழுத்துப் போட்டுட்டு உங்க வீட்டம்மா கேட்டாங்க. பதில் சொல்லிட்டேன்.”

“குறைச்சீங்களா?”

“நீங்க பேசாம இருந்தா குறைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.”

தள்ளுகட்டிலில் போட்டு ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. நர்ஸ், “ஒருத்தர் மட்டும் கூட நிக்கலாம்” என்றாள். மனைவி அவர் நெற்றியை ஒரு தடவை துடைத்துவிட்டு, தம்பியைப் பார்த்து, “நீ நில்லுடா” என்று சொல்லித் தள்ளிப் போய்ச் சுவரோரமாகத் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியதை அவர் பார்த்தார். காலையிலிருந்து அவ்வளவையும் எந்த அடுக்கின் அடியில் வைத்திருந்தாளோ.

மேலே இருந்த விளக்கு கண்ணைக் கூசவைத்தது. கட்டில் சில்லென்று, பலகை மாதிரி இருந்தது. இதைப் போய் யார் வாங்கிப்போட்டார்களோ. அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. ஜோக் ஒன்று சொல்லப் பார்த்தார், வாய்வரை வந்து பல்லில் தட்டி நின்றது. பயத்தை மறைக்க இங்கே அடுக்கும் இல்லை, திரையும் இல்லை. மெல்லிய பச்சைத் துணி ஒன்றுதான்.

“மச்சான்.”

“மாமா.”

“மெத்தை வாங்கியாச்சுடா.”

“ஆமா மாமா.”

“தலையணை எங்கடா?”

மச்சான் நர்ஸைப் பார்த்தான். “தொடுறதுன்னா ஒயர் பக்கம் வேண்டாம்” என்றாள் அவள், கையிலிருந்த ஊசியைப் பார்த்தபடியே. மச்சான் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தான். கட்டிலின் கோடிக்குப் போய், துணியை விலக்கி, அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். அதே சூடு.

“என்னடா, கால்ல வைக்கிறே? நான் கேட்டது நெஞ்சு.”

“நெஞ்சை அவங்க எடுத்துக்கிட்டாங்க மாமா. கால்தான் மிச்சம்.”

கடைக்காரர் கண்ணை மூடினார். அவர் நடுக்கத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த கட்டிலின் இரும்பு கொஞ்சங்கொஞ்சமாக நின்றது.

“சரி,” என்றார். “மிச்சத்தைக் குடு.”